வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு போலீஸ் சான்றிதழ்: ஊருக்கு வராமல் வாங்குவது எப்படி?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவரிடம் திடீர் என்று ஒரு நாள் கம்பெனி ஆபீசில் இருந்து ஒரு காகிதம் கேட்பார்கள். "பி.சி.சி. கொண்டு வா, 1 மாதம் டைம்" என்பார்கள். அது என்ன, எங்கே கிடைக்கும், ஊருக்கு ஓடி வர வேண்டுமா என்று தெரியாமல் அறை நண்பர்களிடம் கேட்பதிலேயே 10 நாள் போய்விடும்.

போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட் என்பதன் சுருக்கம்தான் பி.சி.சி. இந்த நபர் மீது பாதகமான தகவல் எதுவும் இல்லை, இன்ன நாட்டுக்கு விசா கொடுக்க ஆட்சேபம் இல்லை என்று இந்திய அரசு எழுதித் தரும் ஒரு பக்கக் காகிதம். அந்த ஒரு பக்கம் கைக்கு வராமல் வேலை கைநழுவிப் போனவர்கள் உண்டு. வட்டிக்கு கடன் வாங்கி, நகையை அடகு வைத்து விமானம் ஏறியவருக்கு அது சாதாரண விஷயம் அல்ல.

இதற்காக டிக்கெட் போட்டு ஊருக்கு வர வேண்டியது இல்லை. இருக்கும் நாட்டிலேயே வாங்கலாம்.

யார் கேட்கிறார்கள்?

புது நாட்டுக்கு வேலை மாறும்போதுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கத்தாரில் இருந்து குவைத்துக்கு மாறுகிறவர், சிங்கப்பூரில் இருந்து கனடா போகிறவர், சவுதியில் நர்சாக இருந்து இங்கிலாந்துக்கு போகிறவர் எல்லாருக்கும் இது தேவைப்படலாம். சுற்றுலா விசாவுக்கு இது கிடையாது. வேலை, நீண்ட கால விசா, குடியேற்றம், நிரந்தர வசிப்பு ஆகியவற்றுக்குத்தான் தருவார்கள்.

வளைகுடா நாடுகளின் விதி அடிக்கடி மாறும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2018 பிப்ரவரியில் வேலை விசாவுக்கு நன்னடத்தை சான்றிதழ் கட்டாயம் என்று அறிவித்தது. 2 மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தியா உள்ளிட்ட 9 நாட்டுக்காரர்களுக்கு அதை நிறுத்தி வைத்தது.

சவுதி அரேபியாவும் இதே கதைதான். 2022 ஆகஸ்டில் இந்தியர்களுக்கு பி.சி.சி. கட்டாயம் ஆனது. பாஸ்போர்ட்டு சேவை மையங்களில் கூட்டம் தாங்க முடியவில்லை. அந்த ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி முதல் தபால் நிலைய பாஸ்போர்ட்டு மையங்களிலும் பி.சி.சி. மனு வாங்கத் தொடங்கினார்கள். பிறகு நவம்பர் 17-ந் தேதி, இந்தியர்களுக்கு இனி இது தேவை இல்லை என்று டெல்லியில் உள்ள சவுதி தூதரகம் அறிவித்தது. சவுதி தூக்கி எறிந்துவிட்டது, ஆனால் தபால் நிலையத்தில் மனு கொடுக்கும் வசதி மட்டும் நமக்கு மிஞ்சியது. அது லாபம்தான்.

எனவே பக்கத்து அறைக்காரர் போன வருடம் என்ன கொடுத்தார் என்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. எந்த நாடு, எந்த விசா, என்ன காகிதம் என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்தக் கடிதமே மனு கொடுக்கும்போது உதவும்.

போலீஸ் தருவது இல்லை

பேரில் போலீஸ் என்று இருப்பதால் பலரும் உள்ளூர் போலீஸ் நிலையத்துக்கு போகிறார்கள். அண்ணனை அனுப்பி இன்ஸ்பெக்டரிடம் கையெழுத்து வாங்கி வாட்ஸ்அப்பில் போடச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அந்தக் காகிதத்தை எந்த நாட்டுத் தூதரகமும் கையில் வாங்காது.

தமிழ்நாடு போலீசின் இன்டர்நெட் சேவையில் தனி நபர் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அது உள்நாட்டில் வேலைக்கு சேர, வீடு வாடகைக்கு விட, வீட்டு வேலைக்கு ஆள் வைக்க ஏற்பட்டது. விசாவுக்கு கேட்பது அது அல்ல.

விசாவுக்கான பி.சி.சி.யை தருவது வெளியுறவு அமைச்சகம். நீங்கள் இந்தியாவில் இருந்தால் பாஸ்போர்ட்டு அலுவலகம். வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகம் அல்லது துணைத் தூதரகம். போலீசாரின் வேலை விசாரித்து அறிக்கை கொடுப்பது மட்டும்தான்.

இன்னொன்று. ஊரில் இருக்கும் மனைவியோ தம்பியோ உங்கள் சார்பில் திருச்சி, மதுரை, கோவை, சென்னை பாஸ்போர்ட்டு அலுவலகங்களில் மனு கொடுக்க முடியாது. மனுதாரர் நேரில் வர வேண்டும் என்பது விதி. வெளிநாட்டில் இருக்கிறவர் அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் கொடுக்க வேண்டும். "நான் வாங்கித் தருகிறேன், ரூ.15 ஆயிரம் ஆகும்" என்று ஊரில் யாராவது சொன்னால், அவர் கொடுக்கப் போவது போலிக் காகிதமாகத்தான் இருக்கும். போலி பி.சி.சி. பிடிபட்டால் விசா போவதோடு நிற்காது. அந்த நாட்டில் ஜெயில், பிறகு நாட்டுக்குள் நுழையவே தடை என்று போகும்.

மனு கொடுப்பது எப்படி?

தூதரகங்களுக்கான பாஸ்போர்ட்டு சேவை இணையதளத்தில் முதலில் பெயர் பதிய வேண்டும். எந்த நாடு, எந்த தூதரகம் என்று தேர்வு செய்து, பி.சி.சி. மனுவை நிரப்பி அச்சு எடுக்க வேண்டும். அரசு இணையதளத்தின் முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடியும். அப்படி முடியாத தளங்கள் பாஸ்போர்ட்டு சேவை என்ற பெயரிலேயே பல இருக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரு தடவை முகவரியை பார்த்துக்கொள்ளுங்கள்.

பல நாடுகளில் தூதரகம் நேரடியாக மனு வாங்குவது இல்லை. அதற்கென ஒப்பந்தம் எடுத்த தனியார் மையம் இருக்கும். எந்த மையம், எங்கே இருக்கிறது என்பது தூதரக இணையதளத்தில் இருக்கும். அங்கே முன்பதிவு செய்து நேரில் போக வேண்டும்.

கொண்டு போக வேண்டியவை: ஒரிஜினல் பாஸ்போர்ட்டு, அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், அந்த நாட்டு விசா அல்லது குடியிருப்பு அட்டையின் நகல், போட்டோ, பி.சி.சி. கேட்கும் கம்பெனியின் கடிதம் அல்லது வேலை ஒப்பந்தம். சில தூதரகங்கள் இதற்கு மேலும் ஒன்றிரண்டு கேட்கும். லீவு போட்டு, பஸ் பிடித்து போய், ஒரு நகல் இல்லை என்று திரும்பி வருவதைவிட முந்தின நாளே அந்தத் தூதரகத்தின் பட்டியலை படித்துவிடுவது மேல். லேபர் கேம்பில் இருக்கும் ஆளுக்கு இன்னொரு லீவு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும்.

இந்தியாவில் பி.சி.சி. கட்டணம் ரூ.500. வெளிநாட்டில் அந்த நாட்டுப் பணத்தில் கட்ட வேண்டும். மையத்தின் சேவைக் கட்டணமும், இந்திய சமுதாய நல நிதிக்கான சிறு தொகையும் அதில் சேரும். எஸ்.எம்.எஸ்., கூரியர், போட்டோ என்று மையத்தில் கூடுதலாக சொல்வது எல்லாம் விருப்பப்பட்டால் மட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். ரசீது வாங்காமல் வரக்கூடாது.

அவசரத்துக்கு தட்கால் முறையில் பாஸ்போர்ட்டு வாங்கலாமே, அதுபோல பி.சி.சி.யும் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பி.சி.சி.க்கு தட்கால் கிடையாது.

மனுவில் எந்த நாட்டுக்கு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் எழுதும் நாட்டுக்கு மட்டும்தான் அந்த சான்றிதழ் செல்லும். குவைத்துக்கு என்று வாங்கியதை போலந்துக்கு கொடுக்க முடியாது. இரண்டு நாட்டில் வேலைக்கு முயற்சி செய்தால் இரண்டு மனு.

ஊரில் என்ன நடக்கும்?

இங்கேதான் பலருக்கு சிக்கல் ஆரம்பிக்கிறது. பாஸ்போர்ட்டு வாங்கும்போது நடந்த போலீஸ் விசாரணை சுத்தமாக இருந்து, முகவரியும் மாறாமல் இருந்தால் சில நாட்களிலேயே சான்றிதழ் கிடைத்துவிடலாம். இல்லாவிட்டால் தூதரகத்தில் இருந்து தகவல் இந்தியாவுக்கு வரும். பாஸ்போர்ட்டு அலுவலகம், மாவட்ட எஸ்.பி. அல்லது மாநகர போலீஸ் கமிஷனர் அலுவலகம், அங்கிருந்து உங்கள் ஊர் போலீஸ் நிலையம் என்று அது இறங்கி வரும். அறிக்கை மறுபடி அதே வழியில் மேலே ஏறிப் போக வேண்டும். வாரக் கணக்கில் ஆவது இதனால்தான்.

ஒரு ஏட்டோ போலீஸ்காரரோ வீட்டுக்கு வருவார், அல்லது போன் செய்வார். உங்கள் பெயர், வயது, எத்தனை வருடமாக இந்த முகவரி, எந்த நாட்டில் இருக்கிறீர்கள், அக்கம்பக்கத்தில் யாருக்கு தெரியும் என்று கேட்பார். வீட்டில் இருப்பவருக்கு விஷயமே தெரியாவிட்டால் கதை கெட்டுவிடும். "அவன் இங்க இல்லீங்களே, வெளிநாட்டுல இருக்கான்" என்று வயதான அம்மா பயந்து போய் கதவை சாத்த, "இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று அறிக்கை போய்விடும். மாதக்கணக்கில் அலைவதற்கு அந்த ஒரு வரி போதும்.

எனவே மனு கொடுத்த அன்றே வீட்டுக்கு போன் போட்டு சொல்லிவிட வேண்டும். பாஸ்போர்ட்டு நகல், மனு நகல், ரேஷன் கார்டு, ஆதார், விசா நகல் எல்லாம் ஒரு கவரில் வீட்டில் இருக்கட்டும். தெருவில் உங்களை நன்றாக தெரிந்த 2 பேரிடமும் சொல்லி வைக்கலாம். மனு கொடுத்து 2 வாரம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால், வீட்டில் இருந்து ஒருவர் நிலையத்துக்கு போய் மனு எண்ணை சொல்லி, வந்துவிட்டதா என்று மரியாதையாக கேட்கலாம். அதில் தப்பு இல்லை.

விசாரணைக்கு வரும் போலீசாருக்கு பணம் எதுவும் தர வேண்டியது இல்லை. "டீ செலவுக்கு" என்று கேட்டால் தரக்கூடாது. வற்புறுத்தினால் லஞ்ச ஒழிப்பு போலீசில் புகார் செய்யலாம். பேரம் பேசிக்கொண்டே அறிக்கையை கிடப்பில் போட்டால் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, அதற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

முகவரி மாறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 5 வருடம் உழைத்து பணம் அனுப்பி ஊருக்கு வெளியே புது வீடு கட்டியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் பழைய வாடகை வீட்டு முகவரிதான் இருக்கும். மனுவில் பாஸ்போர்ட்டை பார்த்து அதையே எழுதினால், போலீஸ்காரர் போய் நிற்கும் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பார்கள். புது வீட்டு முகவரியைத்தான் மனுவில் எழுத வேண்டும், அதற்கான அத்தாட்சியையும் சேர்க்க வேண்டும்.

வழக்கு இருந்தால்?

"என் மேல ஒரு கேஸும் இல்லை சார்" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பலருக்கு தங்கள் மேல் வழக்கு இருப்பதே தெரியாது என்பதுதான் உண்மை.

சிவகங்கை பக்கத்து கிராமத்து வாலிபர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோவில் திருவிழாவில் இரண்டு கோஷ்டிக்கு கைகலப்பு. புகாரில் 14 பேர் பெயர். அதில் இவர் 11-வது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்து, சாமி முன்னால் கை கொடுத்து எல்லாரும் வீட்டுக்கு போய்விட்டார்கள். இவரும் துபாய்க்கு போய்விட்டார். ஆனால் ஊரில் பேசி முடித்தது போலீஸ் ரிக்கார்டில் முடியாது. எப்.ஐ.ஆர். அப்படியே இருக்கும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, சம்மன் வந்து, ஆள் இல்லை என்று திரும்பி, கோர்ட்டு வாரண்டு போட்டிருக்கவும் கூடும். 6 வருடம் கழித்து பி.சி.சி.க்கு மனு கொடுக்கும்போது எல்லாம் மேலே வரும்.

அதனால் மனு கொடுக்கும் முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையதளத்தில் போட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு போலீஸ் தளத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு கொடுத்து தேடலாம். கோர்ட்டுக்கு போன வழக்கை இ-கோர்ட்டு தளத்தில் பெயர் போட்டே தேடலாம், செல்போன் ஆப்பும் இருக்கிறது. கிடைக்காவிட்டால் வீட்டில் இருந்து ஒருவர் போலீஸ் நிலையத்தில் விசாரிக்கலாம்.

'பெட்டி கேஸ்' விஷயத்திலும் ஏமாறக்கூடாது. பொது இடத்தில் குடித்தது, சீட்டு ஆடியது, வாய்த் தகராறு என்று பிடித்துப் போய், கோர்ட்டில் "ஆமாம் ஐயா" என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். அபராதம் கட்டினால் கேஸ் முடிந்தது, அது சரி. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாகத்தான் அது சட்டத்தில் பதிவாகும். அபராதம் கட்டிய ரசீதும் தீர்ப்பு நகலும் கையில் இருந்தால், விசாரணையில் கேள்வி வரும்போது காட்டலாம். இரண்டும் இல்லாமல் வாய் வார்த்தையாக சொன்னால் எடுபடாது.

கொரோனா ஊரடங்கு வழக்குகளும் உண்டு. பைக்கில் போனதற்கு, கடை திறந்ததற்கு என்று லட்சக்கணக்கானவர்கள் மேல் வழக்கு போட்டார்கள். சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் வாபஸ் பெறப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்தது. வன்முறை, போலி இ-பாஸ் வழக்குகளுக்கு மட்டும் அது பொருந்தாது. பொதுவாக அறிவித்தது இருக்கட்டும், உங்கள் வழக்கு எண் முடிக்கப்பட்டதா என்பதை தனியாக பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்.ஐ.ஆர். மட்டும் இருந்து, கோர்ட்டு இன்னும் வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. வெறும் எப்.ஐ.ஆர். இருப்பதை வைத்து 'கோர்ட்டில் குற்ற வழக்கு நிலுவை' என்று கருதக்கூடாது, கோர்ட்டு வழக்கை ஏற்றிருக்க வேண்டும் என்று பாஸ்போர்ட்டு மனுக்கள் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2019 அக்டோபர் 10-ந் தேதி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பி.சி.சி. மனுவுக்கு ஆட்சேபம் வந்து விளக்கம் கேட்டால், பதிலில் இதை சுட்டிக்காட்டலாம்.

கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் சுத்தமான பி.சி.சி. கிடைப்பது கஷ்டம்தான். அப்போது செய்ய வேண்டியது வக்கீலை பிடிப்பது, புரோக்கரை அல்ல. சமரசம் ஆன அடிதடி வழக்காக இருந்தால், எதிர்த் தரப்பு சம்மதத்தோடு ஐகோர்ட்டில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். முன்பு குற்றவியல் நடைமுறை சட்டம் 482-வது பிரிவு என்று சொன்னது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 528-வது பிரிவு. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை முதல் கன்னியாகுமரி வரை உள்ளவர்களுக்கு ஐகோர்ட்டு மதுரை கிளை. மற்றவர்களுக்கு சென்னை. வெளிநாட்டில் இருந்தபடியே வக்காலத்தில் கையெழுத்து போட்டு, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப முடியும். தீர்ப்பு வந்ததும் அதன் சான்றிட்ட நகலை போலீஸ் நிலையத்தில் கொடுத்து ரிக்கார்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டுத்தான் பலரும் மறுபடி மாட்டுகிறார்கள்.

வழக்கை மறைத்து மனு கொடுப்பது மட்டும் கூடாது. உண்மையை எழுதி, காகிதத்தை சேர்த்துக் கொடுத்தால் தாமதம் ஆகும். மறைத்தது தெரிந்தால் பாஸ்போர்ட்டுக்கே ஆபத்து.

பெயரில் வரும் குழப்பம்

நம் ஊரில் அப்பா பெயர் இனிஷியலாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயர் ஆகிவிடும். குடியிருப்பு அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்து, சம்பள ரசீதில் அது மட்டும் இருக்கும். சவுதியில் அப்பா பெயரைச் சொல்லி கூப்பிட்டு கூப்பிட்டு அதுவே தன் பெயராகிப் போனவர்கள் எத்தனையோ பேர். பி.சி.சி.யில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் வரும். மனுவிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுத வேண்டும்.

பாஸ்போர்ட்டு எண் சான்றிதழில் அச்சாகும். எனவே பாஸ்போர்ட்டு காலாவதி ஆக சில மாதமே இருந்தால், முதலில் அதை புதுப்பித்துவிட்டு பிறகு பி.சி.சி.க்கு கொடுப்பது நல்லது. பழைய எண்ணில் வாங்கிய சான்றிதழை பிறகு ஏற்கமாட்டார்கள். பாஸ்போர்ட்டை கம்பெனிக்காரர் வாங்கி வைத்துக்கொண்டு தரவில்லை என்றால், அதை தூதரகத்தில் புகாராகவே சொல்லலாம். தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதை வளைகுடா நாட்டு சட்டங்களே அனுமதிக்கவில்லை.

வேலை பார்க்கும் நாட்டின் சான்றிதழ்

இந்திய பி.சி.சி. மட்டும் போதும் என்று நினைத்து வந்துவிடுகிறவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். கடந்த 10 ஆண்டில் தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த ஒவ்வொரு நாட்டின் போலீஸ் சான்றிதழையும், நிரந்தரமாக குடியேற வருகிறவரிடம் கனடா கேட்கிறது. ஆஸ்திரேலியா 10 ஆண்டில் மொத்தம் 12 மாதம் இருந்த நாடுகளை கேட்கும். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூட வேலைக்கு போகிறவர்களுக்கும் 12 மாதக் கணக்குதான். அதாவது, 3 வருடம் கத்தாரிலும் 2 வருடம் மலேசியாவிலும் இருந்தவர் இந்த இரண்டு நாட்டிலும் சான்றிதழ் வாங்க வேண்டும்.

அங்கே இருக்கும்போது வாங்குவது சுலபம். குடியிருப்பு அட்டை கையில் இருக்கும், கைரேகை அவர்களிடமே இருக்கும். வளைகுடா நாடுகள் பலவற்றில் செல்போன் ஆப்பிலேயே மனு கொடுத்துவிடலாம். விசாவை ரத்து செய்துவிட்டு ஊருக்கு வந்தபிறகு என்றால் கைரேகை எடுத்து, அதற்கு சான்று வாங்கி, இங்குள்ள அந்த நாட்டுத் தூதரகம் வழியாக அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது தேவை இல்லாவிட்டாலும், ஒரு நாட்டை விட்டு ஒரேயடியாக கிளம்பும் முன் அங்குள்ள சான்றிதழ் ஒன்றை வாங்கி பெட்டியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நாள் கடந்துவிட்டது என்று பின்னால் ஒருவேளை ஏற்காவிட்டாலும், பழைய எண்ணை வைத்து புதிது வாங்க அது உதவும்.

சிங்கப்பூரில் இதை அந்நாட்டு போலீஸ் படையே தருகிறது. வெளிநாட்டுக்காரர் என்றால் எந்த நாடு, எதற்காக கேட்கிறது என்ற கடிதம் காட்ட வேண்டும். மலேசியாவில் இதற்கு 'சிஜில் கெலாகுவான் பாய்க்' என்று பெயர். புத்ராஜெயாவில் உள்ள வெளியுறவு அமைச்சகம் தருகிறது. வாடகை தகராறு, கடன் அட்டை பாக்கி, டிராபிக் அபராதம் எதுவும் பாக்கி வைக்காமல் கிளம்புவதும் முக்கியம். சில நாடுகளில் பணம் இல்லாமல் திரும்பிய காசோலையும், கட்டாத வங்கிக் கடனும்கூட போலீஸ் ரிக்கார்டில் போய் நிற்கும்.

சான்றிதழ் வந்த பிறகு

பி.சி.சி. கைக்கு வந்ததும் பெயர், பாஸ்போர்ட்டு எண், நாட்டின் பெயர், முத்திரை எல்லாவற்றையும் கவுண்ட்டரை விட்டு நகரும் முன் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அங்கேயே சொல்ல வேண்டும்.

அது எத்தனை நாளுக்கு செல்லும் என்பதை முடிவு செய்வது கேட்கும் நாடு. பெரும்பாலும் 6 மாதம் வரை ஏற்பார்கள், 3 மாதம் என்று சொல்கிற இடமும் உண்டு. எனவே வேலை உறுதியாகும் முன் அவசரப்பட்டு வாங்கி வைத்தால் பணம் வீண்.

சில நாடுகள் சான்றிதழின் மேல் இன்னொரு முத்திரை கேட்கும். 'அப்போஸ்டில்' என்பது பல நாடுகளுக்கு பொதுவான ஒரே முத்திரை. இந்தியா 2005-ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஓமன், பக்ரைன் ஆகியவை முன்பே சேர்ந்தவை. சிங்கப்பூர் 2021-லும் சவுதி அரேபியா 2022 டிசம்பரிலும் வந்தன. ஒப்பந்தத்தில் இல்லாத நாடு என்றால் அந்த நாட்டுத் தூதரகத்திலும் தனியாக முத்திரை வாங்க வேண்டும். வெளியுறவு அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக காகிதம் வாங்குவது இல்லை, அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிகள் வழியாகத்தான். முத்திரை தேவையா, இல்லையா என்று கேட்காமல் ஏஜென்சிக்கு பணம் கட்டுகிறவர்கள் நிறைய. முதலில் கேட்பது விசா தரும் இடத்தில்.

யாரிடம் கேட்பது?

பாஸ்போர்ட்டு சேவையின் கட்டணம் இல்லாத எண் 1800-258-1800. தமிழிலும் பேசலாம். ஊரில் இருக்கும் வீட்டுக்காரர்கள் இதில் விவரம் கேட்கலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கு 1800-309-3793 என்ற எண் இருக்கிறது.

தூதரகத்தில் மனு கிடப்பில் கிடந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம். 2015-ல் தொடங்கிய தளம் அது. அந்தப் புகாருக்கு ஒரு எண் தருவார்கள். மனு எண், கட்டிய ரசீது, பாஸ்போர்ட்டு நகல் மூன்றையும் படம் எடுத்து செல்போனில் வைத்திருந்தால், கம்பெனி தங்கும் இடத்தில் படுத்தபடியே இதை எல்லாம் செய்துவிடலாம்.